அண்டாவா, தோசைக்கல்லா? சிறு ரியாக்டரிலிருந்து டன் கணக்கு உற்பத்திக்குப் போகும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆய்வகத்தில் வினை நன்றாக நடக்கிறது. நூறு மில்லிலிட்டர் கலனிலோ ஒரு மெல்லிய குழாயிலோ ஓட்டிப் பார்த்தாயிற்று, விளைச்சலும் தூய்மையும் திருப்தி. இப்போது ஆண்டுக்கு இருபது டன் வேண்டும் என்கிறார்கள். பெரிய கலன் வாங்குவதா, குழாயை அகலமாக்குவதா, அதே குழாயில் பத்தை அடுக்குவதா, இருப்பதையே இரவும் பகலும் ஓட்டுவதா? இந்த இடத்தில் வந்து நின்றுவிட்ட இளம் பொறியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடையில் விலை கேட்பதற்கு முன் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கல்யாணச் சமையலைப் பாருங்கள். நாலு பேருக்கு வைத்த சாம்பாரை நானூறு பேருக்கு வைக்க அண்டா எடுப்பார்கள், அது சரியாக வரும். தோசைக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் நடுவில் கருகும், ஓரத்தில் வேகாது. அதனால் கல்லின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் ஒரு கல்லிலேயே பந்தி முடியும்வரை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இட்லிக் கொப்பரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆவி ஒன்று, தட்டு பல, குழி இன்னும் பல. சமையல்காரர் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருப்பதை நாம் அளந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் வினை சாம்பாரா, தோசையா?

அளக்காமல் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு நிறுவனம் பெட்ரோலில் சேர்க்கும் ஒரு மாங்கனீசுச் சேர்மத்தைத் தயாரித்துவந்தது. ஒரு லிட்டர் கண்ணாடிக் கலனில் நூறு முறைக்கு மேல் செய்து பார்த்திருந்தார்கள். அங்கிருந்து நேராக 2,450 கேலன் ரியாக்டருக்குப் போனார்கள், அதாவது சுமார் 9,300 லிட்டர். இடையில் பைலட் பிளான்ட் (நடுத்தர அளவில் சோதித்துப் பார்க்கும் நிலையம்) இல்லை. 42ஆவது பேட்சில் (கலனை ஒரு முறை நிரப்பி ஓட்டுவது ஒரு பேட்ச்) சரக்கை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். 2007 டிசம்பர் 19 அன்று, 175ஆவது பேட்சில், குளிர்ச்சி தடைப்பட்டது. வெப்பநிலை 199 டிகிரியைத் தாண்டியதும் சோடியம் கரைப்பானோடு வினைபுரியத் தொடங்கியது. அப்படி இரண்டாவது வினை ஒன்று உண்டு என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. நான்கு ஊழியர்கள் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள், காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்க நிறுவனங்களில் இருந்தவர்கள். அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை வெளிப்படையாகக் கிடைக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 174 பேட்ச் நன்றாகப் போனது அடுத்த பேட்சுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

### மூன்று நேரங்கள்

எல்லா முடிவுக்கும் அடியில் மூன்று எண்கள் இருக்கின்றன: வினை முடிய ஆகும் நேரம், இரண்டு திரவங்கள் கலக்க ஆகும் நேரம், உண்டான சூடு வெளியேற ஆகும் நேரம். கலப்பு நேரம் வினை நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் கலப்பைப் பற்றிக் கவலையில்லை. அதிகமாக இருந்தால், திரவங்கள் சேருமிடத்தில் ஒரு பக்கம் மூலப்பொருள் மிஞ்சி, இன்னொரு பக்கம் பொருள் மேலும் வினைபுரிந்து இம்ப்யூரிட்டியாக, அதாவது வேண்டாத மாசாக, மாறிவிடும். சூட்டுக்கும் இதே கணக்குதான்.

வினை நேரம் வேதியியல் தருவது, கலன் மாறினாலும் மாறாது. மற்ற இரண்டும் கலனைப் பொறுத்தவை, அளவு கூடக் கூட மோசமாகும். எவ்வளவு மோசமாகும் என்று கீழே பாருங்கள். உள்ளே தண்ணீர் போன்ற திரவம், கலனின் உயரமும் விட்டமும் சமம், பக்கமும் அடியும் மட்டும் குளிர்கின்றன, அவற்றின் வெப்பக் கடத்தல் கெழு (ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு வெளியேற்றும் சூடு) 300 வாட், குழாய்களில் அமைதியான ஓட்டம் என்று வைத்து நானே போட்ட தோராயக் கணக்கு இது.

| கலன் | ஒரு கன மீட்டர் சரக்குக்குக் குளிர்பரப்பு (சதுர மீட்டர்) | சூடு வெளியேறும் நேரம் |
|---|---|---|
| 1 லிட்டர் கண்ணாடிக் கலன் | 46 | 5 நிமிடம் |
| 1 கே.எல். (1,000 லிட்டர்) ரியாக்டர் | 4.6 | 50 நிமிடம் |
| 5 கே.எல். ரியாக்டர் | 2.7 | 1 மணி 25 நிமிடம் |
| 10 மி.மீ. குழாய் | 400 | 48 விநாடி |
| 4 மி.மீ. குழாய் | 1,000 | 8 விநாடி |
| 1 மி.மீ. குழாய் | 4,000 | அரை விநாடி |

முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் டி2 போன்ற விபத்துகள் பதுங்கியிருக்கின்றன. ஒரு லிட்டர் கலனில் ஐஸ் தண்ணீரே போதுமானதாக இருந்திருக்கும், 'சூடு பெரிதாக ஏறவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த வரியை நம்பி ஐந்து கே.எல்.லுக்குப் போகக் கூடாது.

### சூடு வெளியேறவே இல்லை என்றால்

குளிர்ச்சி முற்றிலும் நின்றுவிட்டால் கலவை எத்தனை டிகிரி ஏறும்? லிட்டருக்கு 1 மோல், மோலுக்கு 120 கிலோஜூல், சாதாரண கரிமக் கரைப்பான் என்று வைத்தால் 70 டிகிரி வரும். 30 டிகிரியில் நடக்கும் வினை 100க்குப் போகும். அங்கே கரைப்பான் கொதிக்குமா, சேர்மம் சிதையுமா என்பதை வினையின் சூட்டை அளக்கும் கலோரிமீட்டரில் பார்த்தாக வேண்டும். இதைப் பார்க்காமல் கீழே உள்ள எந்த வழியையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

### மற்றவை

கெட்டிப்பொருள் உண்டாகிறதா, வாயு வருகிறதா, கலவை கெட்டியாகிறதா? ஒரே நேரத்தில் எவ்வளவு அபாயச் சரக்கு உள்ளே இருக்கும்? ஆண்டு முழுவதும் ஒரே பொருளா, மாதத்துக்கு ஒன்றா? கையில் காலி ரியாக்டரும் பிரைனும் (குளிர்விக்கும் உப்புநீர்) இருக்கின்றனவா, எல்லாமே புதிதாக வாங்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அது முதல் கேள்வியாக வந்துவிடக் கூடாது.

## முரண்பாட்டை எழுதிப் பாருங்கள்

வழிகளுக்குப் போவதற்கு முன் ஒரு பயிற்சி. சோவியத் ஒன்றியத்தில் கென்ரிக் ஆல்ட்ஷுல்லர் 1946 முதல் ஏராளமான காப்புரிமைகளை ஆராய்ந்து, நல்ல கண்டுபிடிப்பு எதுவானாலும் அதன் அடியில் ஒரு முரண்பாடு இருக்கிறது என்று கண்டார். டிரிஸ் என்று இன்று அழைக்கப்படும் அவருடைய முறையில் சமரசம் தேடுவதில்லை. முரண்பட்ட இரண்டு தேவைகளையும் இடத்தாலோ காலத்தாலோ பிரித்து, இரண்டையுமே அடையப் பார்க்கிறார்கள்.

நம் முரண்பாடு எளியது: உற்பத்திக்காக ரியாக்டர் பெரிதாக இருக்க வேண்டும், சூட்டுக்காகவும் கலப்புக்காகவும் சிறிதாக இருக்க வேண்டும். காலத்தால் பிரித்தால், வினைப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் பெரிய கலன் வரும். இடத்தால் பிரித்தால் பல சிறு ரியாக்டர்கள். ஒரு பரிமாணத்தை மட்டும் வளரவிட்டு மற்றதைப் பிடித்து வைத்தால் நீண்ட குழாயோ தட்டு ரியாக்டரோ. ரியாக்டரைத் தொடாமல் ஓடும் மணிகளை மட்டும் கூட்டினால் நான்காவது வழி. எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்று கேட்டுத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வழி மட்டுமே கண்ணில் படும். எதை மாறாமல் வைத்துக்கொள்வது என்று கேட்டுத் தொடங்கினால் நான்கும் தெரியும்.

## வழி 1: பெரிய கலன், நிதானமான ஊட்டல்

இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிக்கொல்லித் தொழில்களில் பெரும்பகுதி இன்றும் கிளாஸ் லைன்டு (உள்ளே கண்ணாடி பூசிய) ரியாக்டரிலும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ரியாக்டரிலும்தான் நடக்கிறது. அஜிடேட்டர் (கிளறி) இருப்பதால் கெட்டிப்பொருளைச் சமாளிக்கும். இன்று ஒரு பொருள், கழுவி விட்டு நாளை வேறு பொருள். ஆப்பரேட்டருக்குப் பழகிய இயந்திரம், உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம்.

சூட்டை ஊட்டல் வேகத்தால் கட்டுப்படுத்துகிறோம். மேலே சொன்ன 120 கிலோஜூல் வினையை 5 கே.எல். ரியாக்டரில் 4,000 லிட்டர் போட்டு, ஜாக்கெட்டுக்கும் (கலனைச் சுற்றியுள்ள குளிர்ச்சி உறை) உள்ளுக்கும் 20 டிகிரி வித்தியாசம் வைத்து நடத்தினால், சூட்டை வெளியேற்றவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதுகாப்புக்கு இடம் விட்டால் மூன்று, நான்கு மணி நேரம் ஊட்ட வேண்டும். அதே கணக்கில் ஒரு லிட்டர் கலனுக்கு ஏழு நிமிடம் போதும். உங்கள் பொருள் நான்கு மணி நேரம் அந்தக் கலவையில் சிதையாமல் இருக்குமா என்பதுதான் இந்த வழியின் உயிர்நாடியான கேள்வி. இதை ஆய்வகத்திலேயே சோதித்துவிடலாம். சிறு கலனில் ஏழு நிமிடத்தில் ஊட்டாமல், வேண்டுமென்றே நான்கு மணி நேரம் எடுத்து ஊட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

இன்னொன்று தேக்கம். ஊட்டிய பொருள் உடனே வினைபுரிந்தால்தான் ஊட்டலை நிறுத்தும்போது சூடும் நிற்கும். வெப்பநிலை குறைந்து வினை மெதுவானால் பொருள் உள்ளே சேர்ந்துகொண்டே போகும், பிறகு ஒரே நேரத்தில் கிளம்பும். பயந்து குளிராக ஓட்டுவதே ஆபத்தாக முடிவது இப்படித்தான்.

கலப்புக்கு வருவோம். கலனின் கொள்ளளவு ஆயிரம் மடங்கானால் நீளம் பத்து மடங்கு. லிட்டருக்கு அதே சக்தி கொடுத்துக் கிளறினாலும் கலப்பு நேரம் நாலரை மடங்குக்கு மேல் கூடும். பழைய கலப்பு நேரமே வேண்டுமென்றால் லிட்டருக்கு நூறு மடங்கு சக்தி தேவை, எந்த மோட்டாரும் அதைத் தராது.

மறைந்திருக்கும் செலவுகள்: கோடையில் கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரிக்கு வரும்போது ஊட்டல் நேரம் இன்னும் நீளும். பிரைன் யூனிட்டின் மின்கட்டணம், பேட்சுக்குப் பேட்ச் கழுவும் கரைப்பான், ஒரு பேட்ச் கெட்டால் போகும் நானூறு கிலோ. இதையெல்லாம் ரியாக்டர் விலையோடு யாரும் எழுதி வைப்பதில்லை.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: வினை மணிக்கணக்கில் நடப்பது, கெட்டிப்பொருள் உண்டு, ஒரே கலனில் பல பொருள், பொருள் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும், குளிர்ச்சி போனாலும் ஆபத்தான வெப்பநிலைக்கு ஏறாது.

## வழி 2: குழாயையோ தட்டையோ பெரிதாக்குதல்

ஓட்ட ரியாக்டரில் பத்து மடங்கு உற்பத்தி வேண்டும், தங்கும் நேரம் (திரவம் குழாய்க்குள் இருக்கும் நேரம்) மாறக் கூடாது. குழாயின் நீளத்தை அப்படியே வைத்து அகலத்தைக் கூட்டினால் விட்டம் 3.2 மடங்காகும், சூடு வெளியேறும் நேரம் பத்து மடங்காகும். 4 மி.மீ. குழாயின் 8 விநாடி சுமார் 80 விநாடியாகிவிடும். அகலத்தை அப்படியே வைத்து நீளத்தைப் பத்து மடங்காக்கினால் சூட்டுக் கணக்கு கெடாது, ஆனால் திரவம் பத்து மடங்கு வேகமாகப் பத்து மடங்கு தூரம் போக வேண்டும். அமைதியான ஓட்டத்தில் அழுத்த இழப்பு நூறு மடங்கு, கொந்தளிப்பு வந்தால் அதற்கும் மேல். 0.2 பார் இருந்த இடத்தில் 20 பார்.

நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே போகிறார்கள், கொஞ்சம் அகலம், கொஞ்சம் நீளம், உள்ளே கலப்பை உடைத்துத் தரும் அமைப்பு. குறுகிய குழாய் என்பதாலேயே நன்றாகக் கலக்கும் என்று எண்ண வேண்டாம். 1 மி.மீ. குழாயில் பரவலை மட்டும் நம்பினால் கலக்கச் சில நிமிடம் ஆகும். ஸ்டாட்டிக் மிக்சரோ (குழாய்க்குள் அசையாமல் இருக்கும் கலப்புத் துண்டுகள்) வளைவுகளோ திரவத்தை மடித்து மடித்துத் தர வேண்டும். கார்னிங் நிறுவனத்தின் கண்ணாடி, சிலிக்கன் கார்பைடு தட்டுகளில் இதய வடிவ அறைகள் வரிசையாக இருப்பது இதற்காகத்தான். சுவிட்சர்லாந்தின் லோன்சா நிறுவனத்தில் உருவான தட்டு ரியாக்டர்கள் காகித அளவைப் போல ஏ6, ஏ5 என்று படிப்படியாகப் பெரிதாகின்றன. தட்டைப் பெரிதாக்கும்போது கலப்பின் தரத்தை மாறாமல் வைத்து, அடுத்த அளவுக்குப் போவதே அவற்றின் வடிவமைப்புத் தத்துவம்.

சூடு ஓரிடத்தில் குவிவதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. வினைப்பொருள் முழுவதையும் வாயிலில் விடாமல், குழாயின் வழியில் நான்கைந்து இடங்களில் பிரித்து ஊட்டலாம். ஒவ்வோர் இடத்திலும் சிறிய ஏற்றம் வந்து, அடுத்த இடத்துக்குள் தணிந்துவிடும். முதல் வழியில் காலத்தில் செய்ததை இங்கே நீளத்தில் செய்கிறோம். இந்த ஒரு மாற்றத்தாலேயே குழாயை ஓரளவு அகலமாக்க இடம் கிடைத்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: அழுத்தம் தாங்கும் பம்ப், அமிலம் தாங்கும் உலோகம், ஒரு தட்டு உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருப்பு. ஒவ்வொரு அளவுக்கும் புதிதாகச் சோதனை ஓட்டம் தேவை, கணக்கு மட்டும் போதாது.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: வினை சில விநாடி முதல் சில நிமிடம், கெட்டிப்பொருள் இல்லை, ஒரே பொருள் ஆண்டுக்கணக்கில் ஓடும், உற்பத்தி ஐந்து முதல் ஐம்பது மடங்கு கூட வேண்டும்.

## வழி 3: எண்ணிக்கையைக் கூட்டுதல்

ஆய்வகத்தில் நிரூபித்த அதே குழாய், எண்ணிக்கை மட்டும் பத்து. காகிதத்தில் பெரிதாக்கும் பிரச்சினையே இல்லாமல் போய்விடுகிறது. சூட்டு நேரமும் மாறாது, கலப்பும் மாறாது. பிரச்சினை குழாய்க்கு வெளியே, ஓட்டத்தைப் பங்கிடும் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

அமைதியான ஓட்டத்தில் ஒரு குழாய் ஏற்கும் திரவம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தில் 2 சதவீத வேறுபாடு ஓட்டத்தில் 8 சதவீதமாகும், 5 சதவீத வேறுபாடு சுமார் 22 சதவீதமாகும். கூடுதல் ஓட்டம் போகும் குழாயில் தங்கும் நேரம் குறைந்து வினை முடியாது, குறைந்த குழாயில் அதிகம் வெந்து இம்ப்யூரிட்டி வரும். இரண்டு திரவங்களையும் தனித்தனியே பங்கிட்டால் விகிதமே தவறிப்போகும். இதற்கு மருந்து, ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் துல்லியமாகச் செய்த ஒரு குறுகல். குறுகலின் எதிர்ப்பு குழாயின் எதிர்ப்பைப்போலப் பத்து மடங்கு இருந்தால், குழாய்களுக்கிடையே உள்ள வேறுபாட்டின் விளைவு பதினோரில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அதற்கான அழுத்தத்தைப் பம்ப் தந்தாக வேண்டும்.

பங்கிடுவதில் இரண்டு வகை. தனித்தனிக் குழாய், தனித்தனிக் குளிர்ச்சி, தனித்தனி மீட்டர் என்றால் பல அடுப்பு, பல தோசைக்கல். ஒரே உறைக்குள் பல வாய்க்கால், ஒரே குளிர்ச்சி என்றால் இட்லிக் கொப்பரை. கொப்பரை மலிவு, ஆனால் எந்தக் குழி வேகவில்லை என்று வெளியிலிருந்து தெரியாது.

இதை நான் நேரில் பட்டிருக்கிறேன். எட்டுக் குழாய்களை இணையாக வைத்து ஓட்டிய ஓர் இடத்தில் கலவையின் பகுப்பாய்வு மூன்று நாள் நன்றாகவே வந்தது, நான்காம் நாள் இம்ப்யூரிட்டி மெல்ல ஏறியது. எல்லாக் குழாயும் சேரும் பொது வெளிவாயிலில் மட்டுமே சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தோம். குழாய் குழாயாகக் கழற்றிப் பார்த்தபோது ஒன்று பாதி அடைபட்டிருந்தது. அதன் பங்கு மற்ற ஏழுக்கும் பிரிந்து போனதால் மொத்த ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒவ்வொரு குழாயின் வெளிவாயிலிலும் ஒரு வெப்பமானி வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நான் வரைந்த எந்த வரைபடத்திலும் அந்த வெப்பமானிகளைச் சேர்க்காமல் விட்டதில்லை.

ஆனாலும் இந்த வழியின் வலிமைக்குத் தொழில்துறையில் பழைய சான்று உண்டு. ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் ஒரு கிரின்யார் வகை வினையை (கரிம மக்னீசியச் சேர்மம் பயன்படும் வினை) 6,000 லிட்டர் கலனில் நடத்திவந்தது. ஆய்வகக் கலனில் மைனஸ் 40 டிகிரியில் அரை மணி நேரத்தில் 88 சதவீத விளைச்சல். பெரிய கலனில் மைனஸ் 20 டிகிரியில் ஐந்து மணி நேரம், 72 சதவீதம். மைக்ரோ மிக்சரில் மைனஸ் 10 டிகிரியில் பத்து விநாடிக்குள் 95 சதவீதம். 1998இல் உற்பத்திக்கு வைத்தது சற்றே பெரிய ஐந்து மினி மிக்சர்களை, விளைச்சல் 92 சதவீதம். இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள். ஆயிரக்கணக்கான நுண்வாய்க்கால்களை அவர்கள் அடுக்கவில்லை. முதலில் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், பிறகு ஐந்தாக்கினார்கள், மூன்று சதவீத விளைச்சலை விட்டுக்கொடுத்து அடைப்பிலிருந்து தப்பித்தார்கள். இரண்டாவது, வினை நேரம் ஐந்து மணியிலிருந்து பத்து விநாடியாகக் குறைந்ததற்குக் காரணம் வேதியியல் மாறியதல்ல. வினை முதலிலிருந்தே வேகமானதுதான், சூட்டை வெளியேற்றத்தான் ஐந்து மணி நேரம் தேவைப்பட்டிருந்தது.

மறைந்திருக்கும் செலவுகள்: வால்வு, மீட்டர், வெப்பமானி எல்லாம் எண்ணிக்கையோடு பெருகும். பத்து ரியாக்டர் வாங்கும்போது விலை ஏறக்குறைய பத்து மடங்கு. பெரிய கலனில் கிடைக்கும் 'அளவு கூடினால் மலிவு' இங்கே கிடைக்காது. என் கருத்தில் எட்டுக்கு மேல் போகிறவர்கள் ஒரு முறை வழி 2க்குத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: வினை ஒரு விநாடிக்குள் முடிவது, அல்லது வெடிக்கும் தன்மையுள்ளது, கலப்பும் குளிர்ச்சியும் இம்மியும் மாறக் கூடாது. சந்தை மெல்ல வளர்கிறது, ஆண்டுக்கொரு குழாயாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

## வழி 4: இருப்பதையே நீண்ட நேரம் ஓட்டுதல்

பலருக்கும் நினைவுக்கு வராத வழி. உள்ளளவு 100 மில்லிலிட்டர், தங்கும் நேரம் 2 நிமிடம் என்றால் மணிக்கு 3 லிட்டர். லிட்டருக்கு 100 கிராம் பொருள் என்றால் நாளொன்றுக்கு 7.2 கிலோ. ஒரு லிட்டர் ரியாக்டர் என்றால் ஆண்டுக்கு 8,000 மணி நேர ஓட்டத்தில் 24 டன். 400 கிலோ தரும் 5 கே.எல். ரியாக்டரில் 60 பேட்ச் போட்டால் வருவதும் அதே 24 டன்தான். ஒரு சொம்புக்குள் அடங்கும் கொள்ளளவு ஒரு மாடி உயரக் கலனுக்கு ஈடுகொடுக்கிறது. இந்தக் கணக்கை முதன்முறை போட்டபோது நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

தங்கும் நேரத்தைக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அழுத்தத்தில் ஓட்டினால் கரைப்பானின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாக்கலாம். பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்ற தோராயக் கணக்கில், 60 டிகிரி கூட்டினால் 64 மடங்கு, இரண்டு மணி நேர வினை இரண்டு நிமிடத்தில் முடியும். பொருள் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

எலை லில்லி நிறுவனம் அயர்லாந்தின் கின்சேலில் பிரெக்சாசெர்டிப் என்ற புற்றுநோய் ஆய்வு மருந்தை இப்படித்தான் தயாரித்தது. ஆய்வக ஃப்யூம் ஹூடுக்குள் (புகையை உறிஞ்சும் கூண்டு) அடங்கும் கருவிகளில் நாளொன்றுக்கு மூன்று கிலோ வீதம் 24 கிலோ, மனிதர்கள் மீதான சோதனைக்குத் தேவையான தரத்தில். 2017இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வீரியமிக்க மருந்தைக் குறைந்த அளவில், ஊழியர்கள்மேல் படாமல் தயாரிக்க இது மிகப் பொருத்தமான வழி.

அபாயச் சரக்கு என்ற அளவுகோலில் இந்த வழிக்கு ஈடில்லை. 1864 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் நைட்ரோகிளிசரின் வெடித்து ஆல்ஃபிரெட் நோபலின் தம்பி எமில் இறந்தார். பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஆர்டீர் தொழிலகத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒற்றைக்கால் ஆசனம் கொடுத்தார்கள், கண் அயர்ந்தால் விழுந்து விழித்துக்கொள்வதற்காக. நைட்ரோகிளிசரின் தொழில் பிற்காலத்தில் தொடர் ஓட்ட முறைக்கு மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம், எந்த நொடியிலும் உள்ளே இருக்கும் சரக்கைக் குறைப்பதுதான். ஒரு மனிதரின் விழிப்பை நம்பியிருந்த பாதுகாப்பைக் கலனின் அளவுக்கு மாற்றினார்கள். மின்சாரம் போனால் ஒரு லிட்டர் ரியாக்டருக்குள் இருப்பது ஒரு லிட்டர்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். மூன்று ஷிஃப்டும் ஆள் வேண்டும். டோசிங் பம்ப் (அளந்து ஊட்டும் பம்ப்) 8,000 மணி நேரம் அளவு பிசகாமல் ஓட வேண்டும், மாற்றுப் பம்ப் பக்கத்திலேயே வேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வருவது தரமற்ற சரக்கு. சுவரில் மெல்லப் படியும் படிவு நூறாவது மணியில்தான் தெரியும், மூன்று மணி நேரச் சோதனை அதைக் காட்டாது. மருந்து என்றால், 2022 நவம்பரில் ஏற்கப்பட்ட ஐ.சி.எச். (மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் அமைப்பு) கியூ13 வழிகாட்டியின்படி ஒரு பேட்ச் என்பதை நேரத்தாலோ அளவாலோ வரையறுக்கலாம். எந்தப் பத்து நிமிடச் சரக்கை ஒதுக்குவது என்று சொல்லும் கண்காணிப்பும் வேண்டும்.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: ஆண்டுக்குச் சில டன் முதல் இருபது, முப்பது டன்வரை, வினை வேகமானது அல்லது சூட்டால் வேகமாக்கக் கூடியது, சரக்கு அபாயமானது, மூலதனம் குறைவு, ஆள்பலம் உண்டு.

## கெட்டிப்பொருள் வந்தால்

சிறு குழாய்களுக்கு மிகப் பெரிய பகை இதுதான். லோன்சாவின் டொமினிக் ரோபெர்ஜும் சகாக்களும் 2005இல் எழுதிய கட்டுரையில், மருந்து மற்றும் நுண் வேதிப்பொருள் வினைகளில் பாதிக்குத் தொடர் ஓட்டம் நன்மை தரும் என்று கணித்தார்கள். அதைத் தடுக்கும் முக்கியக் காரணமாகக் கெட்டிப்பொருளையே காட்டினார்கள்.

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது: சிறு கிளறு தொட்டிகளை வரிசையாக இணைப்பது. ஒரே தொட்டியில் 16.7 சதவீத மூலப்பொருள் மிஞ்சும் ஒரு முதல்படி வினை (மூலப்பொருளின் செறிவுக்கு நேர் விகிதத்தில் வேகம் கொண்டது), அதே மொத்தக் கொள்ளளவை ஐந்தாகப் பிரித்தால் 3.1 சதவீதம்தான் மிஞ்சும். குழாய் என்றால் 0.7 சதவீதம். ஐந்து தொட்டியில் பெரும் லாபம் கிடைத்துவிடுகிறது, அஜிடேட்டர் இருப்பதால் சேறு போன்ற கலவையும் நகரும்.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | பெரிய கலன் | குழாய்/தட்டைப் பெரிதாக்கல் | எண்ணிக்கை | நீண்ட ஓட்டம் |
|---|---|---|---|---|
| சூட்டுக் கட்டுப்பாடு | ஊட்டல் வேகத்தைப் பொறுத்தது | நன்று, அளவோடு குறையும் | ஆய்வகத்தில் இருந்ததே | ஆய்வகத்தில் இருந்ததே |
| கெட்டிப்பொருள் | தாங்கும் | கடினம் | மிகக் கடினம் | மிகக் கடினம் |
| உள்ளிருக்கும் சரக்கு | மிக அதிகம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| பொருள் மாற்றுவது | எளிது | சிரமம் | சிரமம் | ஓரளவு எளிது |
| எதிர்பாராத செலவு | பேட்ச் இழப்பு, பிரைன் | அழுத்தம், உதிரித் தட்டு | பங்கீடு, மீட்டர்கள் | ஷிஃப்ட், பம்ப், படிவு |
| சோதனை ஓட்டத் தேவை | அவசியம் | ஒவ்வொரு அளவுக்கும் | பங்கீட்டுக்கு மட்டும் | நூறு மணி நேரமாவது |

இந்தியாவில் எந்த வழியில் போனாலும் ஒன்று பொது. கலன் சிறிது என்பதால் அனுமதி சிறிதாகிவிடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உற்பத்தி அளவுக்குத் தரப்படுகிறது, செயற்கைக் கரிமப் பொருள்கள் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் 5(எஃப்) பிரிவில் வருகின்றன. கடலூரிலோ ராணிப்பேட்டையிலோ இருப்பவர்கள் நீண்ட ஓட்டத்தால் டன்னைக் கூட்டும் முன் இசைவில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## கலந்து செய்பவர்களுக்கு

உண்மையில் நான் பார்த்த நல்ல தீர்வுகளில் பல இரண்டு வழிகளின் கலவைதான். சூடான, வேகமான ஒரு படியை மட்டும் குழாய்க்கு மாற்றிவிட்டு, கழுவுதல், பிரித்தெடுத்தல், படிகமாக்கல் எல்லாவற்றையும் பழைய ரியாக்டரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து கே.எல். கலன் காலியாக நிற்காது, அபாயமான படி சில லிட்டருக்குள் அடங்கிவிடும்.

இப்படிச் செய்யும்போது மறந்துபோவது இடைத் தொட்டி. பின்பகுதி ஒரு நாள் நின்றாலும் முன்பகுதி ஓட வேண்டுமென்றால், மணிக்கு 30 லிட்டர் வீதம் 720 லிட்டர் எங்கேயாவது தேங்க வேண்டும். குழாயில் ஒரு லிட்டராகக் குறைத்த சரக்கு அந்தத் தொட்டியில் மறுபடி 720 லிட்டராக நிற்கும். ஆகவே தொட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், குழாயிலிருந்து வெளிவரும் கலவையில் நூறு மில்லிலிட்டரை எடுத்து, கோடைக்கால நிழல் வெப்பமான 40 டிகிரியில் 48 மணி நேரம் வைத்து, ஆறு மணிக்கொரு முறை பகுப்பாய்வு செய்யுங்கள். நிறம் மாறினாலோ வாயு வந்தாலோ அந்தத் தொட்டியை வைக்காதீர்கள், வினையை முறிக்கும் கரைசலுக்குள் நேராக விழும்படி குழாயின் வாயைத் திருப்பிவிடுங்கள்.